வாசகர் கேள்விகள்: அரிய ரைஃபிள்களுக்கு உருமாற்றப்படும் பித்தளைக் கூடுகள்

கேள்வி: சில பழைய ரைஃபிள்களுக்கு உரிய தோட்டாக்களை இன்று எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை என்றும், அவற்றை வைத்திருப்பவர்கள் வேறொரு தோட்டாவின் வெற்றுக்கூட்டை உருமாற்றிக்கொள்கிறார்கள் என்றும் படித்தேன். உலோகக் கூடு ஒன்றின் வடிவத்தை உடையாமல் அவ்வளவு தூரம் மாற்ற முடிவது எப்படி?

பதில்: அந்தப் பித்தளையின் கலவைதான் காரணம். தோட்டாக் கூட்டுக்கான பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் இருக்கும். துத்தநாகத்தின் அளவு ஏறத்தாழ 37 விழுக்காட்டைத் தாண்டினால் உலோகத்துக்குள் வேறொரு வகைப் படிகமும் தோன்றி, குளிர்ந்த நிலையில் அதை இழுப்பதும் வளைப்பதும் கடினமாகிவிடும். 30 விழுக்காட்டில் செம்பின் படிக அமைப்பு மாறாமல் நிற்பதால், வலிமையும் நீண்டுகொடுக்கும் தன்மையும் ஒன்றாகக் கிடைக்கின்றன. தொழிற்சாலையில்கூட இந்தக் கூடு ஒரு சிறு கிண்ணமாகத்தான் பிறக்கிறது. அச்சுக்குள் பல முறை இழுக்கப்பட்டு, இடையிடையே காய்ச்சி இளக்கப்பட்டு, கடைசியில் நீண்ட குழாயாகிறது. பழைய ரைஃபிள் வைத்திருப்பவர், சட்டப்படி உரிமம் பெற்றுத் தோட்டாவைத் தாமே நிரப்புபவராக இருந்தால், அதே வேலையின் ஒரு சிறு பகுதியைத் தம் மேசையில் தொடர்கிறார் என்று சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு கூட்டின் நீளம் 63 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஜெர்மானிய 8×57 மௌசர் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். இரண்டின் அடிவட்டத்தின் குறுக்களவும் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்தான். ஆகவே முன்னதை எண்ணெய் பூசி டைக்குள் (கூட்டுக்கு வடிவம் தரும் எஃகு அச்சுக்குள்) அழுத்தி, அதன் உடலுக்கும் குறுகிய கழுத்துக்கும் இடையே சரியும் தோள் பகுதியைக் கீழே இறக்கி, மிஞ்சும் நீளத்தை வெட்டியெடுத்தால் பின்னதன் வடிவம் வந்துவிடுகிறது. குறுக்க வேண்டிய அளவு அதிகமென்றால் ஒரே டையில் முடிக்க முயலக் கூடாது. படிப்படியாகக் குறுகும் பல டைகள் வேண்டும், இல்லையேல் தோள் மடிந்து சுருங்கிவிடும். எண்ணெய் அதிகமானாலும் அது தேங்கிய இடத்தில் தோள் குழிந்துவிடும். கழுத்தை விரிப்பதில் சிக்கல் வேறு விதமானது: சுவர் மெலிகிறது, கூட்டின் நீளம் குறைகிறது, விளிம்பில் வெடிப்பு விழும் வாய்ப்பு கூடுகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கழுத்தையும் தோளையும் மாற்றலாம், உடலை ஓரளவு மாற்றலாம். அடிப்பகுதியை மாற்ற முடியாது. ப்ரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்கார்ந்திருக்கும் அந்தத் தடித்த பகுதிக்கு, சுடும்போது தோட்டா அமரும் துப்பாக்கி அறையின் சுவர் முழுத் துணையாக இருப்பதில்லை. அதன் கடினத்தன்மையைத் தொழிற்சாலையின் கனத்த அழுத்த எந்திரங்கள் கொடுத்திருக்கின்றன. எனவே எந்தக் கூட்டை உருமாற்றலாம் என்ற தேடல், அடிவட்டமும், கூட்டை வெளியே இழுக்கத் துப்பாக்கி பற்றிக்கொள்ளும் பிடிவிளிம்பும் பொருந்துகின்றனவா என்பதில்தான் தொடங்க வேண்டும். .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், 7×57 மௌசர் என்று ஒரு பெரிய குடும்பமே அந்த 12 மில்லிமீட்டர் அடியைப் பகிர்ந்துகொள்வது பலருக்குப் பெரும் உதவி. .303 பிரிட்டிஷ் போன்ற, புடைத்த விளிம்புள்ள தோட்டாவுக்கு இந்தக் குடும்பத்தில் இடமில்லை. அதன் விளிம்பு 13.7 மில்லிமீட்டர் அகலம் கொண்டது, அறைக்குள் கூட்டை நிலைநிறுத்துவதும் அந்த விளிம்பே.

கேள்வி: உருமாற்றிய கூட்டின் கழுத்தைச் சூடாக்கி உடனே தண்ணீரில் போடுகிறார்கள். இரும்பைப் போல அது கடினமாகிவிடாதா?

பதில்: ஆகாது. எஃகைச் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்தால் இறுகும். இந்தப் பித்தளைக்கு அத்தகைய மாற்றம் கிடையாது. சூடு அதை இளக்குகிறது, அவ்வளவுதான். மெதுவாக ஆறினாலும் விரைவாக ஆறினாலும் விளைவு ஒன்றே. பித்தளை வெப்பத்தை நன்கு கடத்துவதால் கழுத்தில் வைத்த சூடு அடிப்பகுதியை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் தண்ணீர்.

பித்தளை இறுகுவது வளைப்பதாலும் அழுத்துவதாலும்தான். ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் விறைத்து, பிறகு முறிவதைப் பார்த்திருப்பீர்கள். டைக்குள் போய் வரும் கழுத்துக்கும் அதுவே நேர்கிறது. காய்ச்சினால் உள்ளே சிதைந்த படிகங்கள் புதிதாக உருவாகி உலோகம் மறுபடியும் இளகுகிறது. கழுத்துக்குச் சில விநாடிகள் சுடர் போதும். கண்கூசும் வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரியும் வரை காய்ச்சினால் படிகங்கள் பருத்துக் கழுத்து அளவுக்கு மீறி மென்மையாகிவிடும். நிறத்தை நம்புவதைவிட, குறிப்பிட்ட வெப்பத்தில் நிறம் மாறும் வெப்பமானிப் பூச்சைப் பயன்படுத்துவது நல்லது. அடிப்பகுதிக்கு இந்தச் சூடு ஒருபோதும் எட்டக் கூடாது. அடி இளகிய கூட்டைச் சரிசெய்ய வழி எதுவும் இல்லை. அதை நசுக்கி ஒதுக்கிவிட வேண்டும்.

கேள்வி: சுடாமலே வைத்திருந்த தோட்டாக்களின் கழுத்து தானாகவே வெடித்துப்போவதுண்டு என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மை, அதற்குப் பழைய வரலாறும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் படைகளின் தோட்டாக்கள் மழைக்காலம் கழிந்ததும் விரிசல் கண்டிருப்பதைக் கவனித்து, அதைப் பருவகால விரிசல் என்று அழைத்தார்கள். குற்றவாளி அம்மோனியா. குதிரை லாயங்களின் அருகே சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றில் கலந்து, இழுவிசை தேங்கி நிற்கும் பித்தளையைப் படிகங்களின் எல்லை வழியே அரிக்கிறது. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் இதை விளக்கினார்கள். உள்ளே தேங்கிய விசை, ஈரம், அம்மோனியா ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இந்த வெடிப்பு; ஒன்றை நீக்கினாலும் அபாயம் குறைந்துவிடும்.

உருமாற்றிய கூட்டில் தேங்கிய விசை சாதாரணக் கூட்டைவிட அதிகம் என்பதால், கடைசி வடிவத்துக்கு வந்த பிறகு கழுத்தைக் காய்ச்சி இளக்குவது அழகுக்கான வேலையல்ல. துலக்கும்போது அம்மோனியா கலந்த உலோகப் பளபளப்புத் திரவங்களைத் தொடவே கூடாது. புத்தம்புது இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலம் பாய்ந்த நிறம், தொழிற்சாலையில் காய்ச்சியதன் அடையாளம்.

கேள்வி: உருமாற்றிய கூடு துப்பாக்கி அறைக்குள் தடையின்றிப் போனால் அது சரியான கூடு என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. முன்சொன்ன மௌசர் எடுத்துக்காட்டில், புதிய கழுத்தின் கீழ்ப்பகுதி பழைய கூட்டின் தோளாகவும் உடலாகவும் இருந்த உலோகம். அங்கே சுவர் தடிப்பாக இருக்கும். குண்டைப் பொருத்திய பின் கழுத்தின் வெளிவட்டம் அறையின் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுடும்போது அது விரிந்து குண்டை விடுவிக்க இடமிருக்காது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். இத்தகைய ரைஃபிள்களின் உச்ச அழுத்தம் சாதாரணமாகவே 4,000 பாரை, அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கை, ஒட்டியது என்பதை நினைவில் வையுங்கள். கழுத்தின் சுவரை அளந்து, தேவையானால் உள்ளே துளைசீவியோ வெளியே கடைந்தோ ஒரே தடிப்பாக்க வேண்டும். தடித்த சுவர் உட்கொள்ளளவையும் குறைக்கிறது என்பதால், அதே அளவு வெடிமருந்து தடித்த கூட்டில் கூடுதல் அழுத்தம் தரும். அச்சிட்ட அட்டவணையில் வேறு கூட்டுக்குச் சொல்லப்பட்ட அளவை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வது பெருந்தவறு.

இன்னொன்று பலரும் மறப்பது. உருமாறிய கூட்டின் அடியில் பழைய பெயரே பொறித்திருக்கும். .223 ரெமிங்டன் கூட்டைக் குட்டையாக வெட்டி .300 பிளாக்அவுட் செய்பவர்களின் தோட்டாக்களில் .223 என்ற முத்திரையே நிற்கும், அத்தோட்டா .223 துப்பாக்கியில் நுழைந்து சுடப்பட்டதால் துப்பாக்கி சிதறிய நிகழ்வுகள் உண்டு, ஏனென்றால் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் குழலுக்குள் போக முடியாது. ஆகவே உருமாற்றியவுடன், நிரப்புவதற்கு முன்பே, கூடுகளைத் தனிப் பெட்டியில் இட்டு, புதிய பெயரையும் எந்த ரைஃபிளுக்கு உரியவை என்பதையும் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். மற்றத் துப்பாக்கிகளின் தோட்டாக்கள் இருக்கும் மேசைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.