ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குத் தொற்றும் கிருமி: தாதி மிஸ்ஸின் பதில்கள்

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி இலங்கை மலையகத்துத் தாய்மார் கேட்டவை. பதில் சொல்பவர் அந்தப் பிரிவில் வேலை செய்யும் தாதி.

டிக்கோயா: ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை மிஸ். பத்தாம் நாள் இரத்தத்தில் கிருமி என்றார்கள். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நான்தான் அதைக் கொண்டுவந்தேன் என்று மாமியார் என்மேல் பழி போடுகிறார்.

இல்லை தங்கச்சி. பிறந்து மூன்று நாளுக்குள் வரும் தொற்றுதான் பெரும்பாலும் பிரசவத்தோடு தாயிடமிருந்து வருவது. அதிலும் தாயைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாம் நாள் வருவது பெரும்பாலும் எங்கள் வார்ட்டுக் கிருமி. தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேருவது முக்கியமாகக் கடைசி மாதங்களில்தான். உங்கள் பிள்ளை அதற்கு முன்பே வந்துவிட்டது. தோலும் அவ்வளவு மெல்லியது. பிளாஸ்டரை அவசரமாக உரித்தால் தோலும் சேர்ந்து வரும். 1,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூட.

பண்டாரவளை: உயிரைக் காப்பாற்றப் போட்ட குழாயாலேயே கிருமி வருமா?

வரும், மறைக்க மாட்டேன். தொப்புள் வழியாகவோ கை நரம்பு வழியாகவோ இரத்தத்துக்குள் மருந்து ஏற்றப் போடும் மெல்லிய குழாயான லைன், மூச்சுக்குழாயில் போட்ட டியூப், இரண்டுமே கிருமிக்குத் திறந்த வழிதான். மருந்து ஏற்ற மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஆபத்து உண்டு. அதனால் டொக்டர் ரவுண்ட் வரும்போது, "இந்த லைன் இன்னும் வேணுமா சேர்?" என்று பயப்படாமல் கேளுங்கள். உங்கள் பால் 1 மில்லிலீட்டர் என்றாலும் கறந்து கொடுங்கள். வாய்வழிப் பால் கூடக் கூட லைனைச் சீக்கிரம் எடுக்கலாம்.

தலவாக்கலை: தேயிலைக் கொழுந்துக் கறை விரல் வெடிப்பில் ஏறிவிட்டது, சவர்க்காரத்துக்கும் போகவில்லை. பிள்ளையைத் தொடக் கூச்சமாக இருக்கிறது.

கறை கிருமி இல்லை அம்மா, தாராளமாகத் தொடுங்கள். மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றி, நகத்தை ஒட்ட வெட்டி, 40 முதல் 60 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். கையில் சீழ் வைத்த காயம் இருந்தால் மட்டும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். உண்மையில் எனக்குப் பயம் எங்கள் கைகளைப் பற்றித்தான். வார்ட் நிறைந்து, ஒரு தாதி பல பிள்ளைகளைப் பார்க்கும் இரவில், ஒரு இன்கியுபேட்டரிலிருந்து அடுத்ததற்குக் கிருமி போவது கையால்தான். கழுவாமல் யார் வந்தாலும், டொக்டரே என்றாலும், சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஹற்றன்: இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று அன்டிபயோட்டிக்கை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக்குத் தொடரலாமே?

நிறுத்தியது சரி. வீணாக நீடித்தால் குடலில் நல்ல கிருமிகள் செத்து, மருந்துக்கு அடங்காதவை பெருகும். அப்புறம் வரும் தொற்றை அடக்குவதுதான் கஷ்டம்.

நுவரெலியா: இந்தக் குளிர்தான் காரணமோ?

குளிர் கிருமியைத் தராது, ஆனால் குறைமாதப் பிள்ளைக்கு அது வேறு ஆபத்து. இன்கியுபேட்டருக்குள்ளேயே உடம்பு சில்லிடுவது, பால் செரிக்காமல் தேங்குவது, மூச்சு இடையிடையே நிற்பது, இவை தொற்றின் அடையாளமாக இருக்கலாம். காய்ச்சல் வராமலும் போகலாம்.

பதுளை: அம்மாச்சி திருநீறு கொடுத்துவிட்டார். பிள்ளைக்குப் பூசலாமா?

உங்கள் நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள். பூசிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள்.