கேளுங்க, ஆபரேட்டர் சொல்றேன்

கேள்வி: பேரன் ஃபோனில் ‘ரூக்கரி நூக்’ என்று 1930-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் சிரிப்புப் படம் போட்டுக் காட்டினான். ஒரே வீடு, ஒரே கூடம், ஆள் மாற்றி ஆள் கதவைத் திறந்து வருகிறார்கள். கேமரா இருந்த இடத்தை விட்டு நகர்வதாகவே தெரியவில்லை. இதற்கா சிரித்தார்கள்?
– ஒரு வாசகி, சித்தூர், பாலக்காடு

நல்லாவே சிரிச்சாங்க அக்கா. படம் அங்கே பெரிய வசூல். கேமராவைக் கோவிச்சுப் பிரயோஜனமில்லை. பேசும்படம் வந்த புதுசில் கேமரா ஓடும் இரைச்சல் மைக்கில் விழும் என்று, கேமராவையும் கேமராமேனையும் சேர்த்துக் கூண்டில் அடைத்துக் கண்ணாடி வழியாகப் படம் பிடித்தார்கள். அப்புறம் எங்கே நகர?

ஆனால் அதை மட்டும் வைத்து இந்தப் படத்தைத் தள்ளிவிட மாட்டேன். பென் டிராவர்ஸ் எழுதிய இந்த நாடகம் 1926-ல் லண்டன் ஆல்ட்விச் தியேட்டரில் ஏறி 400 தடவைக்கு மேல் நடந்தது. ஒற்றைக் கண்ணாடி ரால்ஃப் லின், படத்தை இயக்கிய டாம் வால்ஸ், வழுக்கைத் தலை ராபர்ட்சன் ஹேர், வேலைக்கார அம்மாளாக வரும் மேரி பிரௌ, எல்லாரும் மேடையில் போட்ட வேஷத்தையே படத்திலும் போட்டார்கள். புது மாப்பிள்ளை தனியாக இருக்கும் வீட்டுக்குள் ராத்திரியில் பைஜாமாவோடு ஒரு பெண் ஓடிவந்து ஒளிகிறாள், மாற்றாந்தகப்பன் விரட்டிவிட்டானாம். விஷயம் பெண்டாட்டியின் அக்கா காதுக்குப் போகக்கூடாது. அந்த அக்காவுக்கு நடுங்கும் சகலைதான் ஹேர். மனுஷன் முழிக்கிற முழியை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.

எந்த வசனத்துக்கு எத்தனை நேரம் சிரிப்பார்கள் என்பது மேடையில் நடிகனுக்கு அன்றன்றைக்குத் தெரியும். அடங்கும்வரை நின்று, அடுத்ததைச் சொல்வான். ஃபிலிம் நிற்காதே! கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டூரிங் டாக்கீஸில் நான் மெஷின் ஓட்டிய காலத்தில் ‘காதலிக்க நேரமில்லை’ வந்தது. பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் கட்டத்தில் எங்கள் கொட்டகையில் சிரிப்பு இரண்டு தவணையாக வரும். முதலில் தமிழ்க்காரர்கள். பிறகு, “எந்தா பறஞ்ஞே?” என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அதற்குள் அடுத்த வசனம் போயே போய்விடும். அந்தக் கட்டம் வந்தால் ஒரு கை மெஷினில் வெளிச்சத்துக்கு எரியும் கார்பன் குச்சியில், ஒரு கை ஆம்ப்ளிஃபயர் குமிழில். சத்தத்தை ஏற்றுவேன். தரை டிக்கெட்காரர்கள் விசில் அடிப்பார்கள், முதலாளி முறைப்பார்.

‘ரூக்கரி நூக்’ படத்தில் ஒரு பேச்சு முடிந்து ஆள் சும்மா கதவைப் பார்த்து நிற்கும் இடம் வருகிறதா? உங்களுக்கு அலுப்புத் தட்டுவது அங்கேதான். கூட்டம் சிரிக்கும் என்று விட்ட இடம் அது. ஃபோனில் ஒற்றை ஆளாகப் பார்த்தால் அது வெறுமையாகத்தான் கிடக்கும். வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி டிவியில் போட்டுப் பாருங்களேன்.

கேள்வி: நம் பக்கத்தில் அப்படி மேடையிலிருந்து வந்த சிரிப்புப் படம்?
– வாசகர், வேலந்தாவளம்

‘சபாபதி’, 1941. பம்மல் சம்பந்த முதலியார் நாடகம், ஏவி. மெய்யப்பன் படம். டி.ஆர்.ராமச்சந்திரன் எஜமான், காளி என்.ரத்னம் வேலைக்காரன், இரண்டு பேருக்கும் பெயர் சபாபதி. அசட்டு எஜமானுக்கு அதைவிட அசட்டு வேலைக்காரன். ரத்னம் நாடகக் கம்பெனியில் ஊறினவர். நடந்து வந்தாலே போதும், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். லண்டன்காரர்களைவிட இவர்கள் ஒரு படி மேல் என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கேள்வி: மலையாளத்தின் முதல் பேசும்படம் தமிழ்நாட்டில் எடுத்ததாமே?
– வாசகர், கோவிந்தாபுரம்

ஆமாம். ‘பாலன்’, 1938. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்.