வாசகர் கேள்வி–பதில்: அந்த அகலம் எங்கிருந்து வரும்?

உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர்களை நடைபாதை, சைக்கிள் பாதை, தெரு வடிவமைப்பு ஆகியவற்றை வைத்து எடைபோடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் வார்டில் நிற்கிற எல்லாருமே 'நடப்பவர்களுக்கு முன்னுரிமை' என்கிறார்கள். யார் நிஜமாகச் சொல்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

'ஆதரிக்கிறீர்களா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். தெருவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: 'இந்தத் தெருவில் நடைபாதையை அகலமாக்க இடத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்?'

தெருவின் இரு பக்கச் சுவர்களும் நகரப்போவதில்லை. எனவே பெரும்பாலும் எடுக்கக்கூடிய இடம் இரண்டுதான்: ஓரத்துப் பார்க்கிங், வண்டித் தடத்தின் அகலம். சாலையோரம் வரிசையாக நிற்கும் கார்கள் ஒரு பக்கத்தில் மட்டும் 2 மீட்டருக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன. 3.5 மீட்டர் தடங்கள் இரண்டை 3 மீட்டராகக் குறைத்தால் 1 மீட்டர் மிஞ்சும். ஊருக்குள் ஓடும் வேகத்துக்கு 3 மீட்டர் போதும். 'பார்க்கிங்கும் குறையாது, தடமும் குறையாது, நடைபாதையும் வரும்' என்கிறவர் ஒன்றும் செய்யப்போவதில்லை. 'ஒரு பக்கத்துப் பார்க்கிங்கை எடுப்பேன், சரக்கு இறக்க மட்டும் இரண்டு இடம் விடுவேன், முதல் ஆண்டில் எதிர்ப்பு வரும்' என்கிறவர் யோசித்திருக்கிறார். அவர் சொல்லும் தீர்வு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், மதிப்பெண் அவருக்குத்தான்.

கேட்பதற்கு முன் அளவு நாடாவோடு ஒரு நடை போய்வாருங்கள். நடைபாதையின் மொத்த அகலத்தை அளக்க வேண்டாம். கம்பம், மரம், மின்பெட்டி, படிக்கட்டு எல்லாம் போக மிகக் குறுகலான இடத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் வேண்டும். வரைபடத்தில் 2.5 மீட்டர் என்றிருக்கும் நடைபாதையில் நடுவில் ஒரு கம்பம் நின்றால், பக்கத்துக்கு ஒரு மீட்டர்தான் தேறும்.

கேள்வி: எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்ப நினைக்கிறோம். எத்தனை கேள்விகள் வைக்கலாம்?

ஐந்து, மிஞ்சினால் ஏழு. இருபது கேள்வி அனுப்பினால் கட்சி அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து எல்லாருக்கும் ஒரே பதிலை நகலெடுத்துவிடுவார். அதனால்தான் ஒரு கேள்வியாவது அந்த வார்டின் குறிப்பிட்ட ஒரு சாலைச் சந்திப்பைப் பற்றி இருக்க வேண்டும். அதற்குப் பொதுப் பதில் பொருந்தாது.

எல்லாருக்கும் ஒரே வாசகம், ஒரே நாள், ஒரே கெடு. பதில் எழுத இரண்டு வாரம் கொடுங்கள். நான்கு நாள் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். மதிப்பெண் முறையைப் பதில்கள் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். நாங்கள் பரிந்துரைப்பது 0 முதல் 3 வரை: பதில் கேள்வியைத் தொடவில்லை என்றால் 0, பொத்தாம்பொதுவான ஆதரவு 1, இடமும் வேலையும் குறிப்பிட்டால் 2, அதோடு பணம் எந்தப் பட்ஜெட் தலைப்பிலிருந்து, எந்த ஆண்டில், எதை விட்டுக்கொடுத்து என்று சொன்னால் 3. பெயரையும் கட்சியையும் மறைத்துவிட்டு இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். இருவருக்கும் இடையே 2 மதிப்பெண் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் கேள்விதான் குழப்பமானது.

பதில் அனுப்பாதவருக்குப் பூஜ்யம் போடாதீர்கள். 'பதில் வரவில்லை' என்று மட்டும் எழுதுங்கள். அது வேறு, இது வேறு. வந்த பதில்களை ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிடுங்கள். 'இவருக்கு வாக்களியுங்கள்' என்ற வரியை மட்டும் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அடுத்த தேர்தலில் பாதிப் பேர் பதிலே தரமாட்டார்கள்.

கேள்வி: இப்போதைய கவுன்சிலரே மறுபடியும் நிற்கிறார். அவரை எப்படி மதிப்பிடுவது?

இது சுலபம். அவர் பேச்சை விட்டுவிட்டு மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். திறப்பு விழாப் புகைப்படம் எதையும் சொல்லாது. சைக்கிள் பாதைத் திட்டத்தை 'மேலும் ஆய்வு செய்ய' ஒத்திவைத்த தீர்மானத்தில் அவர் எந்தப் பக்கம் கை தூக்கினார், நடைபாதைக்கு ஒதுக்கிய பணம் ஆண்டுக் கடைசியில் சாலைத் தார் போடுவதற்கு மாறியபோது பேசினாரா, முக்கியமான வாக்கெடுப்பு நாளில் வராமல் இருந்தாரா என்பவை சொல்லும். ஒதுக்கீட்டைப் பார்க்காமல் செலவைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு வேட்பாளர் தெருவுக்குத் தெரு வேகத்தடை போடுவதாக வாக்குறுதி தருகிறார். நல்லதுதானே?

வேகத்தைக் குறைக்க நினைப்பது நல்லது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு எதிர்வினையாற்ற ஒரு நொடி, நல்ல பிரேக், காய்ந்த சாலை என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 13 மீட்டர் வேண்டும். 50 கிலோமீட்டரில் 28 மீட்டர். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் (வேகம் × வேகம்) ஏறுவதால், 50இல் அது 30இல் இருப்பதைவிட 2.7 மடங்குக்கும் அதிகம். சாலைப் பாதுகாப்பு பற்றிய உலக அமைச்சர்கள் மாநாட்டில் வந்த 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டர் உச்ச வரம்பு கேட்டதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எந்த வேகத்தடை என்று கேளுங்கள். அரை மீட்டர் நீளத்தில் செங்குத்தாக எழும் மேடு இருசக்கர வண்டிகளைக் கவிழ்க்கும், ஆம்புலன்ஸில் இருப்பவரை உலுக்கும். அதைத் தாண்டியதும் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். மெல்ல ஏறி இறங்கும் மேட்டுக்கு 3.7 மீட்டர் நீளம், அதிகபட்சம் 10 சென்டிமீட்டர் உயரம் என்பது பழகிய அளவு. அதைவிட நல்லது, கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது: வண்டிக்கு அது மேடு, நடப்பவருக்குச் சமதளம். இதில் அடிக்கடி கெடுவது வடிகால். ஓரத்தில் தண்ணீர் போக வழி விடாமல் கட்டினால் மேட்டுக்கு முன்னால் குளம் கட்டும். அதைச் சாக்காகக் காட்டி முழுவதையும் இடித்துவிடுவார்கள்.

தெருமுனையின் வளைவைப் பற்றி ஒரு வேட்பாளர் தானாகப் பேசினால் அவரைக் குறித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆரமுள்ள முனையில் கார் வேகத்தை அதிகம் குறைக்காமலே திரும்பும். 3 அல்லது 4 மீட்டராக்கினால் குறைத்தே ஆக வேண்டும், கடக்க வேண்டிய தூரமும் சுருங்கும். பெரிய பேருந்து திரும்பும் முனைகளுக்கு மட்டும் விலக்கு.

கேள்வி: '50 கிலோமீட்டர் சைக்கிள் பாதை' என்பது பெரிய வாக்குறுதியா?

நீளத்தைக் கேட்காதீர்கள், தொடர்ச்சியைக் கேளுங்கள். சந்திப்புக்கு 20 மீட்டர் முன்பு முடிந்துபோகும் பாதை, மிகவும் தேவைப்படும் இடத்தில் ஓட்டுபவரைக் கைவிடுகிறது. ஸ்பெயினின் செவில் நகரம் 2006இல் தொடங்கி, வண்டித் தடத்திலிருந்து பிரிக்கப்பட்ட, ஒன்றோடொன்று இணைந்த பாதைகளை ஒரே வீச்சில் போட்டதால்தான் சைக்கிள் ஓட்டம் பல மடங்கு ஏறியது. துண்டு துண்டாகப் போட்டிருந்தால் யாரும் வந்திருக்கமாட்டார்கள். ஆளில்லாத பாதை என்று அடுத்த மன்றம் அழித்திருக்கும்.

பெயிண்ட் கோடு மட்டும் என்றால் அது பார்க்கிங் ஆகிவிடும். ஒரு திசைப் பாதைக்கு 2 மீட்டர் இருந்தால் முந்திச் செல்லலாம். பக்கத்தில் கார்கள் நிற்குமானால் கதவு திறக்க இன்னும் முக்கால் மீட்டராவது இடைவெளி வேண்டும்.

கேள்வி: முக்கியச் சாலை மாநில அரசுடையது, எங்கள் கையில் இல்லை என்கிறார்களே?

பல இடங்களில் உண்மைதான். அதனால் கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்: மன்றமே செய்யக்கூடியது எது, மேல் அரசிடம் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டியது எது. முதல் பட்டியல் காலியாக இருந்தால் சாக்குதான்.

கேள்வி: வேட்பாளர்களை மேடையில் நிறுத்திக் கேட்கலாமா?

மேடையைவிடத் தெரு நல்லது. ஒரு கிலோமீட்டர் நடைக்கு, பள்ளி விடும் நேரத்தில் அழையுங்கள். காலியான சக்கர நாற்காலி ஒன்றை வேட்பாளரே தள்ளட்டும். சாய்தளம் 1க்கு 12 (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்பதைவிடச் செங்குத்தாக இருந்தால் கையே சொல்லிவிடும். சிக்னலில் பச்சை எத்தனை நொடி என்று எண்ணச் சொல்லுங்கள்: 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 நொடியில் கடப்பார், 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். நடை முடிந்த அன்றே, அவர் எந்த இடத்தில் என்ன செய்வதாகச் சொன்னார் என்று தேதியோடு எழுதி அவருக்கு அனுப்பி, 'சரிதான்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.