போஸ்ட்டாக் தேடுகிறீர்களா? வேலூர் ஆய்வு மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

காட்பாடி, வேதியியல்: அக்கா, பிஎச்.டி. தீசிஸ் கொடுத்துவிட்டேன். வைவா (வாய்மொழித் தேர்வு) எப்போது என்று தெரியவில்லை. போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கு, இப்போதே விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. மத்திய அரசின் ஆய்வு நிதி வாரியமான எஸ்.இ.ஆர்.பி. முன்பு நடத்திய என்-பிடிஎஃப் (தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப், அதாவது ஆய்வு உதவித்தொகை), இப்போது அதன் இடத்தில் வந்த ஏ.என்.ஆர்.எஃப். கையில் இருக்கிறது. தீசிஸ் சமர்ப்பித்தவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் வரும்வரை தொகை குறைவு, அவ்வளவுதான். வயது வரம்பு 35. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. ஆனால் ஒருவருக்கு ஒருமுறைதான் கிடைக்கும். அவசரத்தில் ஏதோ ஒரு லேபின் பெயரைப் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

சேர்க்காடு, பயோடெக்: தினமும் விளம்பரம் பார்க்கிறேன். என் தலைப்புக்கு எதுவுமே பொருந்தவில்லை.

தம்பி, விளம்பரத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள். பெரும்பாலான ஃபெல்லோஷிப்புகளில் முதலில் ஒரு பேராசிரியர் உங்களை ஏற்க வேண்டும், பிறகுதான் விண்ணப்பமே. உங்கள் தீசிஸின் கடைசிப் பக்கங்களில் நீங்கள் மேற்கோள் காட்டிய பேப்பர்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்தான் உங்கள் பட்டியல். ராணிப்பேட்டை தோல் கழிவு மண்ணில் குரோமியத்தைத் தாங்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மண்ணும் அந்த அனுபவமும் வெளியூர் லேபில் யாரிடம் இருக்கும்? மெயிலில் அதை முதல் வரியில் சொல்லுங்கள். அந்தப் பேராசிரியரின் எந்தப் பேப்பரைப் படித்தீர்கள், அதிலிருந்து என்ன செய்ய ஆசை, எந்த ஃபெல்லோஷிப்புக்குச் சேர்ந்து எழுதலாம் என்பது அடுத்து. பத்துப் பன்னிரண்டு வரி போதும். ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதில் இல்லையா? இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அப்புறம் அடுத்த பெயருக்குப் போங்கள்.

ஆம்பூர், பொருளியல்: எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றும் இல்லையா மேடம்?

இருக்கிறது. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்) சமூக அறிவியலுக்கென்றே போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் தருகிறது. அறிவிப்பு வந்தபின் திட்டம் எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது, இப்போதே எழுதி வையுங்கள்.

குடியாத்தம், இயற்பியல்: எனக்கு 41 வயது. குழந்தைகளுக்காக ஆறு வருடம் இடைவெளி. வேலூரை விட்டு நகரவும் முடியாது.

உங்களுக்குக் கதவு மூடவில்லை அம்மா. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் வைஸ்-பிடிஎஃப் என்ற போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் பெண்களுக்கே உரியது, 27 முதல் 60 வயது வரை. விஐடி பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் துறை சார்ந்தவர்களை நேரில் போய்ப் பாருங்கள். இடைவெளியை சி.வி.யில் மறைக்கவேண்டாம், ஒரு வரியில் சொல்லிவிட்டு ஆய்வுக்கு வந்துவிடுங்கள்.

ஆற்காடு, கணிதம்: ஐரோப்பா போக வழி?

ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெல்லோஷிப். விண்ணப்பக் கடைசித் தேதிக்குள் வைவா முடிந்திருக்க வேண்டும், பிஎச்.டி.க்குப் பின் ஆய்வு அனுபவம் 8 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. போகப்போகும் நாட்டில் அந்தக் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கவும் கூடாது.

வாணியம்பாடி: இடம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். போஸ்ட்டாக் இடத்தைப் பணம் வாங்கிக்கொண்டு யாரும் தரமாட்டார்கள்.

திருப்பத்தூர்: சம்பளம் எவ்வளவு அக்கா?

மத்திய அரசு ப்ராஜெக்டில் ரிசர்ச் அசோசியேட் என்றால் 2023 முதல் மாதம் 58,000 ரூபாயில் தொடங்குகிறது, வீட்டு வாடகைப்படி தனி. பல்கலைக்கழகமே தரும் போஸ்ட்டாக்கில் இடத்துக்கு இடம் மாறும். அங்கே வகுப்பு எடுக்க வேண்டுமா, வாரம் எத்தனை மணி நேரம் என்று மெயிலில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு சேருங்கள்.