விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் சேரும் என் மகள் ஐபோன்தான் வேண்டும் என்கிறாள். இணையத்தில் ஒருவர் பழைய ஐபோன் 13-ஐ 16,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி, பெட்டி, பில் இரண்டின் படங்களையும் அனுப்பியிருக்கிறார். வெளியூர்க்காரர் என்பதால், பாதிப் பணம் போட்டால் கூரியரில் அனுப்பிவிடுவாராம். நம்பலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: பாதிப் பணம் என்ன, பத்து ரூபாய்கூடப் போடாதீர்கள் அம்மா. பில்லைப் படமெடுத்து அனுப்புவதற்குக் கையில் போன் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வேறு யாரோ விளம்பரத்தில் போட்ட படமாகவும் இருக்கலாம். பெட்டியோ, அசலைப் போலவே அச்சடித்துத் தனியாக விற்கப்படுகிற சரக்கு. நேரில் காட்ட முடியாது என்பவரை அத்தோடு விட்டுவிடுங்கள். உள்ளூரில் வேறொருவர் கிடைப்பார்.

கிடைத்ததும், டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அழுத்துங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண். இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டிலிருந்து பதில் வரும். கறுப்புப் பட்டியல், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று எது வந்தாலும் எழுந்து வந்துவிடலாம். சரியான எண் என்று வந்தாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். யாரோ ஒருவரின் நல்ல போனிலிருந்து திருடிய எண்ணைப் போலியில் ஏற்றிவிடுகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி இதற்கு மூன்று ஆண்டுச் சிறை வரை உண்டு, ஆனாலும் நடக்கிறது.

ஆகவே எண்ணைவிடப் போனைத்தான் சோதிக்க வேண்டும். போலி ஐபோனுக்குள் இருப்பது பெரும்பாலும் ஐபோன் வேடம் போட்ட ஆண்ட்ராய்டு. ஆப் ஸ்டோரைத் தொட்டுப் பாருங்கள். கூகுள் பிளே திறந்தால் வேடம் கலைந்தது. இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: உங்கள் மகளின் முகத்தை ஃபேஸ் ஐடியில் பதியச் சொல்லி, அறை விளக்கை அணைத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அசல் ஐபோன் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் முகத்தைப் பார்க்கிறது; இருட்டு அதற்குப் பொருட்டல்ல. முன் கேமராவை மட்டும் நம்பியிருக்கும் போலி தடுமாறும். அசலிலும் சில சமயம் ஃபேஸ் ஐடி பழுதாகியிருக்கும். அப்படியானால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

அமைப்புகளில் 'ஜெனரல்', அதற்குள் 'அபவுட்' போங்கள். மாடல் எண்ணின் முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்கப்பட்டது, எஃப் என்றால் நிறுவனம் புதுப்பித்து விற்றது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. "புதிதாக வாங்கியது, ஒரே கை" என்பவரின் போனில் 'என்' என்ற எழுத்து இருந்தால் காரணம் கேளுங்கள். திரையோ பேட்டரியோ வெளியில் மாற்றப்பட்டிருந்தால், அதுவும் அந்தப் பக்கத்திலேயே தெரியவரும்.

கடைசியாக, பணத்தைக் கொடுக்கும் முன், அவர் எதிரிலேயே போனை முழுவதுமாக அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, புதுப் போனைப் போலத் தொடங்கிப் பாருங்கள். பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லை அது கேட்டால், போன் அசலாக இருந்தும் உங்களுக்குப் பயன்படாது. "மறந்துவிட்டேன், வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன்" என்பார். அனுப்பிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒருவேளை இந்தப் பதிலைப் படிப்பதற்குள் பணம் போட்டுவிட்டீர்கள் என்றால், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பிருக்கிறது.