சுதந்திர தினக் கொண்டாட்டத்தைச் சிலர் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்?

சுதந்திர தினம் என்பது பெரும்பாலும் ஒரு நாட்டின் ஆட்சி அதிகாரம் சட்டப்படி கைமாறிய நாள். அவ்வளவுதான். எல்லாருடைய வாழ்க்கையும் அன்றே மாறிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. சந்தேகம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930 முதல் காங்கிரஸ் கொண்டாடிவந்த சுதந்திர நாள் ஜனவரி 26. ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்தவர் பிரிட்டிஷ் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு அது. இந்தியா-பாகிஸ்தான் எல்லைக்கோடு வெளியானதோ ஆகஸ்ட் 17-ல். அதனால் 1947 ஆகஸ்ட் 15 அன்று வங்காளத்தின் முர்ஷிதாபாத்தில் ஏறியது பாகிஸ்தான் கொடி! எல்லை தெரிந்த பிறகுதான் அதை இறக்கி இந்தியக் கொடியை ஏற்றினார்கள். கோவாவிலோ 1961 டிசம்பர் வரை போர்ச்சுகல் ஆட்சிதான்.

பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்டுவிட்ட பிறந்த தேதி மாதிரி இது. சான்றிதழுக்குப் போதும், ஆள் பிறந்த கதை அதில் இருக்காது. அரசுகளுக்கு ஒற்றைத் தேதி வசதி: கொடி, அணிவகுப்பு, உரை, மிட்டாய் என்று மதியத்துக்குள் முடிந்துவிடும். (மிட்டாய் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.) பிரிவினையில் வீடிழந்தவரின் கதைக்கு அந்த மேடையில் நேரம் கிடைப்பது அபூர்வம்.

கொண்டாட மறுப்பவர் விடுதலையையே வெறுப்பவர் என்று நினைப்பது தவறு: அந்த நாளைத் துக்க நாள் என்ற பெரியார், அதிகாரம் வெள்ளையரிடமிருந்து பார்ப்பனர், பனியா (வட இந்திய வணிகச் சாதியினர்) கைக்குத்தான் போகிறது என்றார், அதை மறுத்து மகிழ்ச்சி நாள் என்று சொன்ன அண்ணாவும் அப்போது அதே திராவிடர் கழகத்தில்தான் இருந்தார்.