மகளின் பெயருக்கு எதிரே ஓர் எண்

கேள்வி: பால்மரம் வெட்டிப் படிக்க வைத்த என் மகள் இன்று மருத்துவ ஆய்வாளர். கைப்பேசியில் தன் பெயருக்கு எதிரே 'எச்-இன்டெக்ஸ் 12' என்று காட்டினாள். அது குறைவா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: குறைவென்று சொல்ல முடியாது, ஐயா. பிற ஆய்வுக் கட்டுரைகளில் தலா 12 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 12 கட்டுரைகள் அவரிடம் உள்ளன என்பதே அதன் பொருள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த இந்தக் கணக்கில், ஒரு கட்டுரை ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் ஒன்றாகவே எண்ணப்படும். ஆண்டுகள் செல்லச் செல்ல எண் உயரும் என்பதால், இளையவரை மூத்த பேராசிரியரோடு ஒப்பிடுவது முறையன்று. மேற்கோளெல்லாம் பாராட்டும் அன்று: தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்து, 2010இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை மறுப்பதற்காகவே பலர் மேற்கோள் காட்டினர். மகளின் கட்டுரை ஒன்றைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.